தாழ்ப்பாள் இல்லாத வீடு

என் அண்ணன் வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. புது வீடு கட்ட நினைக்கிறவர்கள் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கி, கூடத்தில் நின்று, எதிரே தோட்டம் முழுக்கத் தெரிவதைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். அண்ணன் ஒரு பொத்தானை அமுக்குவான். கண்ணாடிச் சுவர் மடிந்து மடிந்து ஓர் ஓரமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கூடத்துத் தரையும் தோட்டத்துத் தரையும் ஒரே மட்டம், ஒரே கல். வீடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது, சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்பான். யாராலும் சொல்ல முடியாது. அவனுக்கு அதில் அப்படியொரு குளிர்ச்சி.

அந்த வீட்டில் என் அண்ணி என்று ஒருத்தி இருக்கிறாள். வந்தவர்களுக்குப் பழச்சாறு கொண்டுவந்து கொடுப்பாள். நீங்கள் கொடுத்துவைத்தவர் என்று ஒருவர் விடாமல் அவளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு வயிறு எரியும். கூடப்பிறந்தவனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பார்கள். நான் விட்டுக்கொடுத்தாயிற்று. அண்ணியும் வாயைத் திறக்கமாட்டாள், அண்ணனும் உள்ளதைச் சொல்லமாட்டான், ஆகவே நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணி தையல்காரி. கல்யாணமாகி வரும்போதே தையல் மிஷினோடு வந்தவள். அண்ணன் அப்போது ஒரு கட்டடக்காரரிடம் வீட்டுப்படம் வரைந்துகொண்டிருந்தான். வேலை இருக்கும், இருக்காது. இருக்காத மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த மிஷினால். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான் சொல்லிக்காட்டுவேன். வேறு எதற்கு நாத்தனார் என்று ஒருத்தி?

முதலில் பள்ளிச் சீருடைகளுக்குக் கீழ்மடிப்பு ஏற்றி இறக்கிக் கொடுத்தாள். பிறகு பெண்களுக்கு மட்டும்தான் என்று ஆக்கிக்கொண்டாள். கடைத்தெருவில் இருந்த தையல்காரர்கள் எல்லாரும் ஆண்கள். தெருவைப் பார்க்க நிற்கவைத்து, போகிற வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும்படி அளவைக் கூவுவார்கள். உடம்பு ஒழுங்காக இருக்கிறவர்களுக்கே அது கூச்சம். ஒரு தோள் இறங்கினவர்கள், தீக்காயம் பட்டவர்கள், பிள்ளைபெற்று வயிறு தொங்கிப்போனவர்கள், இவர்கள் எங்கே போவார்கள்? அண்ணியிடம் வந்தார்கள்.

பழைய வாடகை வீட்டில் பின்பக்கம் ஓர் அறை இருந்தது. அங்கேதான் அவள் தைத்தாள். ஒற்றை ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. கனமான மரக்கதவு, உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள், போட்டால் வாசல்வரை சத்தம் கேட்கும். ஆள் உள்ளே வந்ததும் அண்ணி முதலில் தாழ்ப்பாளைப் போடுவாள். அப்புறம் ஜன்னலைச் சாத்துவாள். அப்புறம் நிலைக்கண்ணாடியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவைப்பாள். உடுப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற நேரத்தில் யாரும் தன்னைத் தானே பார்க்க வேண்டிய அவசியமில்லை என்பது அவள் எண்ணம். புதுத்துணியைப் போட்டு, பொத்தான் மாட்டி, தலைமுடியை ஒதுக்கிவிட்ட பிறகுதான் கண்ணாடி இந்தப் பக்கம் திரும்பும். அளவெடுக்கும்போது அளவுநாடாவைத்தான் பார்ப்பாள், ஆளைப் பார்க்கமாட்டாள். எண்ணை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள். குளிர்நாளில் நாடாவை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் உடம்பில் வைப்பாள்.

தரையில் வெள்ளை விரிப்பு போட்டு அதன்மேல் துணி வெட்டுகிற அறை அது. செருப்போடு உள்ளே வரக் கூடாது. ஆகவே கதவுக்கு வெளியே ஒரு ஜோடிப் பெண் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டில் அது அசைக்க முடியாத விதி. அண்ணன் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வருவான், அவன் துணிமணி இருக்கிற பீரோ அந்த அறைக்குள் இருக்கும், செருப்பைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடுவான். வேலைக்கு நேரமாகும். என்னிடம் வந்து அங்கலாய்ப்பான். ஆனால் கதவைத் தட்டமாட்டான். இதை ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்றால், பாவம் அவனுக்குத் தெரியாது என்று யாரும் பரிந்துகொண்டு வந்துவிடக் கூடாது.

அங்கே வந்தவர்களில் ஒருவர் டீச்சர். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுப்பவர். அதட்டவே மாட்டார், ஒரு பார்வை பார்த்தால் வகுப்பு அடங்கிவிடும். நோய் வந்து அவருக்கு ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த உடுப்பைப் போட்டாலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. பாடம் நடத்துகிற நேரமெல்லாம் ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றாராம். யாரோ சொல்லி அண்ணியைத் தேடி வந்தார். முதல்முறை வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அடுத்த முறையும் அப்படியே. அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. அவர்பாட்டுக்கு உட்காரட்டும் என்று பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் டீச்சரே எழுந்துபோய், தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

அண்ணி அவருக்கு ஒரு பக்கம் பஞ்சு வைத்த உள்பாடி தைத்துக் கொடுத்தாள். அதற்கு ஏற்றபடி மேலே போடுகிற உடுப்புகளையும் தைத்தாள். டீச்சர் வெறுங்கையோடு வகுப்பில் நின்றார். மருத்துவர்களைத் தவிர அந்தப் பக்கத்தைப் பார்த்தது அண்ணி ஒருத்திதான். டீச்சரின் கணவர்கூடப் பார்த்ததில்லை. இதில் ஒரு சொல்கூட அண்ணி எனக்குச் சொன்னதில்லை. அந்த அறையில் நடந்தது அவள் வாயிலிருந்து வராது. டீச்சரே பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதற்குள் அண்ணனுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. தனியாக வீடு கட்டிக்கொடுக்க ஆரம்பித்தான். சுவர் இருக்கிற இடத்திலெல்லாம் கண்ணாடி வைத்தான். கொத்தனார்கள் அவனுக்குக் கண்ணாடிக்காரர் என்றே பேர் வைத்துவிட்டார்கள். கடைசியில் தனக்கென்று ஒரு வீடு கட்ட மனை வாங்கினான். கட்டினால் அது குடியிருக்கவும் ஆயிற்று, வருகிறவர்களுக்குக் காட்டவும் ஆயிற்று என்பது அவன் திட்டம்.

படம் வரைவதற்கு முன்னால் எல்லாரையும் உட்காரவைத்து, அவரவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். அவன் மகள் ஊஞ்சல் கேட்டாள். வந்து போகிற என்னையும் கேட்டான், உட்காரச் சாய்மானமுள்ள நாற்காலி ஒன்று போடு, போதும் என்றேன். அண்ணிக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"இப்ப இருக்கற ரூம் மாதிரி ஒண்ணு போதுங்க. கதவோட" என்றாள்.

அண்ணன் சிரித்தான். "அந்தப் பொந்துலேர்ந்து உன்ன வெளிய கொண்டு வரத்தான் இந்த வீடே" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் மல்லுக்கு நின்று ஒரு வழி பண்ணியிருக்கலாம். இத்தனை காலம் இருட்டில் முதுகு வளைத்துத் தைத்தவளுக்குத் தான் வெளிச்சமும் காற்றும் கொடுக்கப்போவதாக மனதார நம்பினான். அவள் கேட்டதை அவன் காதில் வாங்கவில்லை, அவளுக்கு எது நல்லது என்று அவனுக்கே தெரிந்திருந்தது. தோட்டத்தைப் பார்க்க ஒரு மேசை போட்டு, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து, அதற்கு ‘வேலை முற்றம்’ என்று பேரும் வைத்தான். பேர் வைப்பதில் அவன் கெட்டிக்காரன்.

குடிபோன பிறகுதான் அந்த வீட்டின் லட்சணம் தெரிந்தது. காற்று வீசினால் வெட்டிவைத்த சட்டைக்கைத் துணி தோட்டத்துக்குப் போகும், தோட்டத்துச் சருகு மிஷினுக்கு வரும். மழைக்குத் தவளை கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதைத் துரத்தப் போனால் அது வீட்டுக்காரன் மாதிரி நம்மை முறைக்கும். படுக்கை அறைகளுக்கும் தோட்டப்பக்கம் கண்ணாடிதான். உள்பக்கத்தில் பலகைத் தட்டி, நடுவே இடைவெளி விட்டு அடித்தது. இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் கேட்கும். அண்ணன் மகளுக்கு அப்போது வளர்கிற வயசு. பள்ளிவிட்டு வந்ததும் துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் உடை மாற்றுவாள். "அங்கயே குடித்தனம் பண்ணிடேன்டி" என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

உருப்படியாகச் சாத்துகிற கதவு என்று இருந்தது குளியலறைக்கு மட்டும். அதையும் உருப்படி என்று சொல்லக் கூடாது. மழையில் நனைகிற மாதிரிக் குளிக்க வேண்டுமாம், அதற்காக அறையில் பாதிக்குமேல் கூரை இல்லாமல் விட்டு, ஓரமாகச் செடி வைத்திருந்தான். கதவு சுவருக்குள் வழுக்கிக்கொண்டு போகிற பலகைக் கதவு. தாழ்ப்பாள் கிடையாது. அதைப் பொருத்தினால் மரத்தின் அழகு கெட்டுவிடும். அண்ணி கேட்டுப் பார்த்தாள். கெஞ்சியும் பார்த்தாள். நம் வீட்டில் நாம் யாருக்குப் பயந்து தாழ்ப்பாள் போட வேண்டும் என்று அவன் திருப்பிக் கேட்டான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அண்ணியிடம் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் புது வீட்டுக்கு வந்தார்கள். வந்து ஆஹா ஓஹோ என்றார்கள். அளவெடுக்கலாமா என்று அண்ணி நாடாவை எடுத்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஒரு பக்கம் தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார், இன்னொரு பக்கம் அண்ணன் யாரிடமோ போனில் பேசியபடி நடந்துகொண்டிருப்பான். அவசரமில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துகொள்வார்கள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அண்ணி மிஷினைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

அவள் லேசில் விடுகிறவள் இல்லை. வெள்ளை விரிப்பைக் குளியலறைக்குக் கொண்டுபோனாள். ஈரம் படாத பக்கமாக அதை விரித்து, சுவரோடு பதித்த கண்ணாடியின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, அங்கே அளவெடுக்க ஆரம்பித்தாள். கழற்றிய செருப்பு கதவுக்கு வெளியே கிடக்கும். இதற்கு ஒப்புக்கொண்டு வந்தவர்கள் சொற்பம். டீச்சர் வந்தார். அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

அந்த வருஷம் டீச்சர் ஓய்வு பெறுகிறார். பள்ளியில் பெரிய கூட்டம், பழைய மாணவர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், மேடையில் நிற்க வேண்டும், பேச வேண்டும். அதற்கு ஒரு புது உடுப்பு. அண்ணிக்கு அதில் டீச்சரைவிட ஆசை. துணி எடுக்கக் கூடவே கடைக்குப் போனாள். போட்டுப் பார்க்க ஒரு சனிக்கிழமை காலையில் வரச்சொன்னாள். முந்தின நாளே அண்ணனிடம், நாளைக்கு டீச்சர் வருகிறார், யாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தாள். தனக்கு நாள் முழுக்க வெளிவேலை, வீட்டுப்பக்கமே வரமாட்டேன் என்று அவனும் சொன்னான். நான் அங்கேதான் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். கண்ணாடிச் சுவரை மூடி ஏசி போட்டிருந்தார்கள். நான் வெளியே மரத்தடியில் ஊஞ்சலில் அண்ணன் மகளோடு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து வீட்டுக்குள் ஊசி விழுந்தாலும் தெரியும், இடி விழுந்தாலும் கேட்காது. வாசல்பக்கம் கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கினான். கூடவே ஓர் இளம் தம்பதி, அந்தப் பெண்ணின் அப்பா. நல்ல இடத்து ஆட்கள், வந்த சூட்டோடு வீட்டைக் காட்டி முடித்துவிட வேண்டும் என்று அழைத்துவந்திருக்கிறான். கூடத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். அப்படியே நடைவழியாக உள்ளே கூட்டிப்போனான், அதற்கும் தோட்டப்பக்கம் கண்ணாடிதான்.

குளியலறைக் கதவுக்கு வெளியே டீச்சரின் செருப்பு கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். விருந்தாளி இருக்கும்போது வீட்டில் ஒரு சாமான் கண்டபடி கிடந்தால் அவன் முகம் ஒரு சுளிப்பு சுளிக்கும். அதே சுளிப்பு. குனிந்தான். இரண்டு விரலால் செருப்பை எடுத்தான். பக்கத்திலிருந்த செருப்பு அலமாரியைத் திறந்து உள்ளே வைத்துச் சாத்தினான்.

நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்தேன். சத்தம் அவனுக்கு எட்டியது. திரும்பிப் பார்த்தான். சிரித்தபடி என்னைப் பார்த்துக் கையசைத்தான். வந்தவர்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னான், என் தங்கை என்று சொல்லியிருப்பான், அவர்களும் கையசைத்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று நான் தலையை ஆட்டுகிறேன், அவன் மறுபடி சிரித்துவிட்டுக் கதவை வழுக்கித் திறந்தான்.

கூரை இல்லாத அறை. மேலே இருந்து வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அதில் டீச்சர் இடுப்புக்குமேல் ஒன்றுமில்லாமல் நின்றார்.

அண்ணி பாய்ந்து வந்து இரண்டு கையையும் விரித்து அவருக்கு முன்னால் நின்றாள். அவள் ஒல்லி, அவள் மறைத்து எவ்வளவு மறையும்? வந்திருந்த பெரியவர் சட்டென்று திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் பார்த்தபடியே நின்றான். அண்ணன் கதவை இழுத்து மூடினான்.

நான் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே ஓடினேன். நான் போய்ச் சேரும்போது அவன் வந்தவர்களிடம், "சாரி, வாங்க, கிச்சனப் பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மற்றதையெல்லாம் ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வேளை நான் விட்டிருப்பேன். இதை விடவே மாட்டேன். அவன் பேச்சைக்கூட நிறுத்தவில்லை.

டீச்சர் வெளியே வந்தபோது மேல்பொத்தான் மாறி மாட்டியிருந்தது. செருப்பைத் தேடினார். கதவோரம் இல்லை. அடுப்படியும் கூடமும் அந்த வீட்டில் ஒன்றுதானே, வந்தவர்கள் அங்கே நின்று தோட்டத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். டீச்சர் தரையைப் பார்த்தபடி அத்தனை பேருக்கும் நடுவில் வெறுங்காலோடு நின்றார். அண்ணி பித்துப் பிடித்தவள்போல் இங்கும் அங்கும் தேடினாள். அப்போது அண்ணன் போய் அலமாரியைத் திறந்து, செருப்பை எடுத்துக்கொண்டுவந்து, அவர் காலடியில் வைத்தான்.

அப்போதுதான் அண்ணிக்கு நடந்தது புரிந்தது. பேச்சுக்குரல் கேட்டும், செருப்பு வெளியே கிடக்கிறது, அவன் திறக்கமாட்டான் என்று நம்பி இருந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம்.

டீச்சருக்கு வெளியேற வேறு வழி இல்லை. அந்த வீட்டில் எங்கே போவதானாலும் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பார்வையில் வகுப்பை அடக்குகிறவர், யாரையும் பார்க்காமல் அந்த நீளக் கூடத்தைக் கடந்து போனார். அழவில்லை. அண்ணி பின்னாலேயே வாசல்வரை போனாள். அவர் திரும்பவில்லை.

வந்தவர்கள் போன பிறகு அண்ணன் பேச ஆரம்பித்தான். வேண்டுமென்றா செய்தான், சாமான் கிடந்தது, எடுத்துவைத்தான், சொன்ன வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, டீச்சர் போயிருப்பார் என்று நினைத்தான், இப்படிச் சொல்லிக்கொண்டே போனான். அண்ணி அவனை முழுக்கப் பேசவிட்டாள்.

"செருப்பப் பாத்தீங்கல்ல?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"யார் செருப்புன்னு தோணலயா?"

அண்ணன் தாழ்ந்த குரலில், "ஆளுங்க நின்னாங்க. வீடு ஒழுங்கா இருக்கணும்னுதான் அந்த நேரத்துல மனசுல ஓடுச்சு" என்றான். அவன் சொன்னதிலேயே உண்மை அது ஒன்றுதான்.

"பழைய வீட்ல துண்டோட நின்னீங்களே" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். அதற்குமேல் அவனிடம் அதைப்பற்றிப் பேசவே இல்லை. அழுகை இல்லை, சாப்பாட்டை மறுக்கவில்லை, பழச்சாறுகூடப் பிழிந்துகொண்டுதான் இருந்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அண்ணன் பயந்துபோனான். அவனே முன்வந்து தோட்டத்து மூலையில் அவளுக்கு ஓர் அறை கட்டித்தருகிறேன் என்றான். முதலில் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான், பார்த்தால் அதிலும் ஒரு பக்கம் கண்ணாடி. புத்தி எங்கே போகும்? அண்ணி படத்தைத் திருப்பித் தள்ளினாள். செங்கல் வேண்டும், மரக்கதவு வேண்டும், ஜன்னல் மதில்பக்கமாக வேண்டும் என்றாள். தாழ்ப்பாளை அவளே இரும்புக்கடைக்குப் போய், ஒவ்வொன்றாகப் போட்டு இழுத்துப் பார்த்து வாங்கிவந்தாள். கண்ணாடிக்காரர் செங்கல் அறை கட்டுகிறாரே என்று கொத்தனார்களுக்கு ஒரே சிரிப்பு. அறை எழுந்தது. அண்ணன் அதன்மேல் கொடி படரவிட்டு மறைத்தான். வருகிறவர்கள் கேட்டால் தோட்டச் சாமான் வைக்கிற அறை என்று சொல்லிவிடுவான்.

அண்ணி மிஷினைக் கொண்டுபோய்ப் போட்டாள். விரிப்பை விரித்தாள். டீச்சரின் உடுப்பு பாதி தைத்தபடி அவளிடமே இருந்தது. கூட்டத்து நாள் போய்விட்டது என்றாலும் அதை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே துடிப்பு. அந்த அறையே அவருக்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது. தான் போய்க் கூப்பிட்டால் முகதாட்சண்யத்துக்காக ஒப்புக்கொள்வார், அது வேண்டாம், நீ போய்ச் சொல்லிவிட்டு வா என்று என்னை அனுப்பினாள்.

போனேன். டீச்சர் மரியாதையாக உட்காரவைத்தார். கூட்டத்துக்கு அவர் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாராம், நினைவுப்பரிசை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரிக்காமல் அலமாரிமேல் இருந்தது. அன்றைக்குத்தான் அவர் பழைய கதையெல்லாம் எனக்குச் சொன்னார், அண்ணியிடம் முதல்முறை வந்ததிலிருந்து. அண்ணிமேல் துளிக்கூடக் கோபமில்லை என்றார். அவள் கையை விரித்துக்கொண்டு நின்றதைச் சாகும்வரை மறக்கமாட்டேன் என்றார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அறையைப்பற்றிச் சொன்னேன். செங்கல் சுவர், மரக்கதவு, உள்பக்கம் பெரிய தாழ்ப்பாள், அண்ணியே பார்த்து வாங்கியது, இனிமேல் பயமே இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன்.

டீச்சர் நான் முடிக்கும்வரை கேட்டார்.

"கதவு இருக்குன்னு சொல்றீங்க. அன்னைக்கும் கதவு இருந்துச்சும்மா" என்றார்.

எழுந்து வந்தேன். அண்ணியிடம் மழுப்பலாக ஏதாவது சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அவளிடம் மழுப்ப முடியாது. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணி மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். சரி என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அந்த அறை நிறையத் துணி இருக்கிறது. என்ன துணி என்று கேளுங்கள். அண்ணன் கட்டிக்கொடுத்த கண்ணாடி வீடுகளில் குடியேறினவர்கள், கொஞ்ச காலம் பெருமையாக இருந்துவிட்டு, எதிர்வீட்டுக்காரன் தாங்கள் சாப்பிடுவதைப் பார்க்கிறான் என்று கண்டுபிடித்து, அண்ணனுக்கு ரகசியமாகப் போன் செய்கிறார்கள். திரைச்சீலை வேண்டுமாம். தரையிலிருந்து மேல்கூரைவரை, தடித்த துணியில். என் மனைவியே தைத்துக்கொடுப்பாள் என்கிறான் அண்ணன். அவளுக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம் வேறு. அண்ணி நாள் முழுக்க நேர்த்தையல் போடுகிறாள். நேர்த்தையல் போட அவள் எதற்கு? அறை கட்டினதைக் கேள்விப்பட்டுப் பழைய பெண்கள் இரண்டொருவர் தேடிவந்தார்கள். இப்போது ஆட்களுக்குத் தைப்பதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. போன வாரம் ஒரு துணியை வாங்கிக்கொண்டு போய், எனக்கு ஒரு சட்டை வேண்டும் என்று அவள் மேசைமேல் வைத்தேன். நானே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். நானே ஜன்னலையும் சாத்தினேன். அவள் எழுந்திருக்கவில்லை. என் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"வேண்டாம்மா. பொத்தானப் போடு" என்றாள்.

"ஏன் அண்ணி? நான்தான இருக்கேன்?"

"இனிமே யாரையும் கழட்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நாடாவக் கையில எடுத்தா கதவத்தான் பாக்கறேன், அளவு எடுக்கத் தோணல" என்றாள்.

அன்றைக்கெல்லாம் அழாதவள் என் முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் பொத்தான்களை மாட்டிக்கொண்டேன். அண்ணி எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டு வந்து, யாருடைய வீட்டுக்கோ தைத்துக்கொண்டிருந்த திரையை மறுபடி மிஷினில் ஏற்றினாள். நான் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.